உதகைக் குளிரில் தயிர்: ஒரு சின்ன மின்கருவியோடு பழகியதில் தெரிந்துகொண்டவை

உதகமண்டலத்தில் குடியிருப்பவர்களுக்குத் தயிர் ஒரு தனிக் கவலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். அடுப்பு அணைந்த பிறகு என் சமையலறையில் வெப்பமானி 11, 12 டிகிரியைத் தாண்டாது. நான் திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே சித்திரை மாதத்தில் உறை ஊற்றினால் நான்கைந்து மணி நேரத்தில் தயிர் தயார். கொஞ்சம் அசந்தால் புளித்துவிடும். என் கணவருக்கு மாற்றலாகி இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அதே பால், அதே பாத்திரம், அதே அளவு உறை என்று ஊற்றி வைத்தும் காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது.

இந்த ஊர்க்காரர்களிடம் இதற்கு வழிகள் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். சிலர் ஹாட் பாக்ஸில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு அந்தச் சூட்டோடு பாலை ஊற்றி மூடுவார்கள். அடுப்புப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. "பாலைத் தூங்க விடு கண்ணு, சும்மா சும்மா திறந்து பார்க்காதே" என்று அக்கா சொன்னது இன்றுவரை நான் கடைப்பிடிக்கிற விதி. இந்த மலையின் ஆதிக்குடிகளான தோடர்கள் இந்தக் குளிரிலேயே தலைமுறை தலைமுறையாக எருமைப்பாலைத் தோய்த்துக் கடைந்து வெண்ணெய் எடுத்தவர்கள். பால் வேலை நடக்கும் இடமே கோவிலாகவும் இருந்த அவர்களுடைய பால் கோவில்களில் பழைய மோரையே புதுப் பாலுக்கு உறையாக விட்டு, அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகாமல் காப்பதைச் சடங்காகவே வைத்திருந்தார்கள். ஆகவே குளிரில் தயிர் உறையாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கம்பளியும் அரிசி டிரம்மும் தரும் சூடு நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் கெட்டித் தயிர், மறுநாள் கொழகொழப்பு, அதற்கு மறுநாள் அரைகுறை. மாமியாருக்கு மதியச் சோற்றில் தயிர் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அதனால்தான் மின்சாரத்தில் இயங்கும் கர்ட் மேக்கர் ஒன்றை வாங்கினேன்.

கடையில் யோகர்ட் மேக்கர் என்றும் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். நான் வாங்கியது மிக எளிய வகை. வட்டமான ஒரு தளம், அதற்குள் சூடேறும் ஒரு சிறு தகடு, மேலே ஏழு கண்ணாடிக் குப்பிகள், எல்லாவற்றையும் மூடும் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி. நேரம் வைக்கும் பொத்தான் இல்லை, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. செருகினால் சிவப்பு விளக்கு எரியும், பிடுங்கினால் அணையும். 20 வாட்டுக்குள்தான் மின்சாரம் இழுக்கிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.16 யூனிட்டைத் தாண்டாது; மின் கட்டணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. இதைவிட விலை கூடிய, எண்கள் மின்னும் கருவிகளைப் பிறகு உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, எளியதையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முனை கூர்மையான ஒரு டிஜிட்டல் சமையல் வெப்பமானி வாங்குங்கள். கருவியைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த வெப்பமானிதான்.

ஏனென்றால் இந்தக் கருவி தயிர் செய்வதில்லை. கதகதப்பான ஓர் இடத்தைத் தருகிறது, அவ்வளவுதான். அந்தக் கதகதப்பு எத்தனை டிகிரி, நாம் ஊற்றுகிற உறைக்கு எத்தனை டிகிரி பிடிக்கும் என்ற இரண்டும் பொருந்தினால் தயிர் வரும். பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல பாலும் வீண்தான். கையேட்டில் 'எட்டு மணி நேரம் வைக்கவும்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். இந்தப் பொருத்தத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

முதலில் கருவியின் சூட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பால் ஊற்றுவதற்கு முன்பு ஒரு நாள் எல்லாக் குப்பிகளிலும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மூடி போட்டு, ஐந்து மணி நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். நான் குளிர்கால இரவில் அளந்தபோது நடுக் குப்பியில் 37 டிகிரி, ஓரக் குப்பிகளில் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அதே கருவி ஏப்ரல் மாத மதியத்தில் 44 டிகிரி காட்டியது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத எளிய கருவிகள் இப்படித்தான்; அறை குளிர்ந்தால் அவையும் குளிரும், அறை வெதும்பினால் அவையும் ஏறும். திருச்சியில் இருக்கும் என் தங்கைக்கு இதே மாதிரி ஒன்று வாங்கி அனுப்பினேன். மே மாதத்தில் அவள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது 50 டிகிரியை நெருங்கிவிட்டது. அந்தச் சூட்டில் உறையில் உள்ள நுண்ணுயிர்கள் தளர்ந்துபோகும். தயிர் உறையாது, அல்லது திரிந்து நீர் பிரிந்துவிடும். கோடையில் அவளுக்கு அந்தக் கருவியே தேவையில்லை, சமையலறை மேடையே போதும்.

குளிரில் சூட்டை ஏற்ற நான் கண்டுகொண்ட வழிகளில் பெரிய பலன் தந்தது மிகச் சிறிய மாற்றம். எங்கள் சமையலறை மேடை கடப்பா கல். குளிர்ந்த கல், கருவியின் அடிப்பகுதியிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கருவியை எடுத்து ஒரு மரப்பலகையின் மேல் வைத்ததும் குப்பிகளின் சூடு மூன்று டிகிரி ஏறியது. மூடியின் மேல் ஒரு தடித்த துண்டைப் போர்த்தியதும் இன்னும் ஒன்றரை டிகிரி. தளத்தையும் மின்கம்பி வெளியே வரும் இடத்தையும் துணியால் மூடக் கூடாது. துண்டு மேல் மூடிக்கு மட்டும். குப்பிகளைப் பால் ஊற்றுவதற்கு முன் வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொள்வதும் முக்கியம். 12 டிகிரியில் இருக்கும் கண்ணாடியில் 44 டிகிரிப் பாலை ஊற்றினால் ஊற்றிய நிமிடத்திலேயே நாலைந்து டிகிரி போய்விடும். அதை மீட்க இந்தச் சின்னக் கருவிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இனி உறை. யோகர்ட் என்று உலகெங்கும் சொல்லப்படுவதில் இரண்டு நுண்ணுயிர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். 1905இல் ஜெனீவாவில் பல்கேரியத் தயிரை ஆராய்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளம் பல்கேரியர் கண்டறிந்தது. மற்றொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ். இரண்டும் சூடு விரும்பிகள், 42 முதல் 45 டிகிரி வரை சுறுசுறுப்பாகப் பெருகும். யோகர்ட் மேக்கர்கள் இந்த ஜோடியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் வீட்டுத் தயிரின் கதை வேறு. அது அறைச் சூட்டில் உறைந்து பழகியது. அதில் லாக்டோகாக்கஸ் இனமும் அதன் உறவுகளும் பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்கு உகந்த சூடு 25 முதல் 32 டிகிரி. 40ஐத் தாண்டினால் முடங்கும். வீட்டுத் தயிரின் இதமான வாசனையும் இளம் புளிப்பும் இவற்றால் வருபவை. வீட்டு உறை எல்லாம் கலவைதான் என்பதால் சூடு விரும்பிகளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

திருச்சியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் அம்மா கொடுத்தனுப்பிய உறையைக் கருவியில் ஊற்றியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் முறை மெதுவாக, கிட்டத்தட்ட பத்து மணி நேரம் கழித்து உறைந்தது. ருசி அம்மா வீட்டுத் தயிர்தான். அந்தத் தயிரிலிருந்து உறை எடுத்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போகப் போக உறையும் நேரம் குறைந்தது, கட்டி இறுகியது, புளிப்பு கூர்மையானது. அந்தப் பழைய வாசனை மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கருவியின் சூடு, கலவையிலிருந்து சூடு விரும்பிகளை மட்டும் பொறுக்கி வளர்த்துக்கொண்டது. மாமியார் வாயில் வைத்ததும், "நன்றாகக் கெட்டியாக இருக்கிறது அம்மா, ஆனால் நம் வீட்டுத் தயிர் மாதிரி இல்லை" என்றார். அவர் நாக்கு சரியாகச் சொன்னது.

ஆகவே இப்போது இரண்டு உறைகளை வைத்திருக்கிறேன். குழந்தைகள் பழத்தோடும் தேனோடும் கரண்டியால் வெட்டிச் சாப்பிட யோகர்ட் உறை. அது கருவியில் முழு நேரமும் ஓடும். சோற்றுக்கும் மோருக்கும் அம்மா வீட்டு உறை. அதற்குக் கருவியைப் பயன்படுத்தும் முறை வேறு. பாலை 35 டிகிரி வரை ஆறவிட்டு உறை ஊற்றி, கருவியை அரைமணி நேரம் மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். மேலே கம்பளி. படுக்கப் போகும் முன் இன்னும் கால்மணி நேரம் ஓடும். இரவு முழுவதும் 28க்கும் 34க்கும் இடையில் நிற்கும். காலையில் அம்மா வீட்டு வாசனையோடு தயிர் இருக்கும். கொஞ்சம் இளகலாக இருக்கும், வேண்டியதும் அதுதான்.

உறை ஊற்றக் கடைத் தயிர் வாங்குகிறவர்கள் கப்பின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். பழச்சுவை சேர்த்தது, ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ கலந்தது எல்லாம் வேண்டாம். பாலும் கல்ச்சரும் (உறை நுண்ணுயிர்கள்) மட்டும் இருக்கிற, தயாரித்து அதிக நாள் ஆகாத கப் போதும். அதில் எந்த வகை நுண்ணுயிர் என்று பெரும்பாலும் போட்டிருக்காது. ஏழு குப்பிக் கருவியின் அருமை இங்கேதான் தெரியும். ஒரே பாலில் மூன்று குப்பியில் ஒரு தயிர், மூன்றில் இன்னொரு தயிர் என்று ஊற்றிக் கருவியில் வைத்துவிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு கிண்ணம் கம்பளிக்குள் வைத்தால் எந்த உறைக்கு எந்தச் சூடு என்று ஒரே இரவில் தெரிந்துபோகும்.

கையில் உறையே இல்லாதபோது காய்ந்த மிளகாயின் காம்புகளைப் பாலில் போட்டு உறைய வைப்பது நம் பாட்டிகளின் வழி. காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்க வைக்கின்றன. முதல் தயிர் தளர்வாக வரும், அதிலிருந்து இரண்டு மூன்று முறை ஊற்றினால் ஒழுங்காகிவிடும். ஆனால் அந்தக் காம்பில் வேறு என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவற்றையும் சேர்த்துத்தான் கருவியின் கதகதப்பு வளர்க்கும். பச்சிளம் குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் நான் இதைச் செய்ய மாட்டேன். கடையில் கப் தயிர் கிடைக்கிற காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை.

பாலைப் பற்றிப் பலர் கேட்பது, பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியதுதானே, ஏன் மறுபடி காய்ச்ச வேண்டும் என்று. பதப்படுத்தும்போது பாலை வழக்கமாக 72 டிகிரியில் 15 விநாடி வைக்கிறார்கள். நோய்க்கிருமிகளை அழிக்க அது போதும். தயிரின் கட்டித்தன்மைக்குப் போதாது. பாலில் கேசீன் என்ற புரதத்தோடு மோர்ப்புரதங்களும் இருக்கின்றன. 80, 85 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் நின்றால் அந்த மோர்ப்புரதங்கள் இயல்பு மாறிக் கேசீன் துகள்களோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு உறையும்போது உருவாகும் வலை அடர்த்தியாகி, தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உதகையில் பால் கொதிப்பதே சுமார் 92, 93 டிகிரியில். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அப்படி. ஆனாலும் தயிருக்கு வேண்டிய சூட்டைத் தாண்டியே இருக்கிறது. பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாமல் சிறுதீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறிக்கொண்டே வைக்கிறேன். பொங்கியவுடன் இறக்கிய பாலையும் இப்படி வைத்த பாலையும் ஒரே உறையில் பக்கத்துப் பக்கத்துக் குப்பிகளில் ஊற்றிப் பாருங்கள். கரண்டி வைத்து வெட்டினால் முதலாவதில் குழியில் உடனே நீர் ஊறும், இரண்டாவதில் வெட்டிய பக்கம் கத்தியால் நறுக்கியது மாதிரி நிற்கும்.

எந்த நிற பாக்கெட் என்பதும் கேள்விதான். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. சோற்றுக்கு எனக்கு 4.5 போதும். கரண்டியால் சாப்பிடும் யோகர்ட்டுக்கு 6 சதவீதப் பால்தான். 3 சதவீதப் பாலில் செய்ய வேண்டியிருந்தால் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைச் சிறிது ஆறிய பாலில் கரைத்து, பால் கொதிக்கும் முன் ஊற்றுங்கள். நீண்ட நாள் கெடாத அட்டைப்பெட்டிப் பாலிலும் தயிர் வரும். அதை வெதுவெதுப்பாக்கினாலே போதும், கட்டி மட்டும் கொஞ்சம் மென்மையாக இருக்கும். வீட்டுக்கு நேரே வந்து ஊற்றும் கறவைப் பாலுக்கு ஈடில்லை. ஆனால் ஒரு விஷயம். மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டிருந்தால் அந்த மருந்து பாலில் இறங்கி, உறையின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் மட்டும் பால் அசையாமல் நின்றால் பால்காரரிடம் மாட்டுக்கு மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். அப்படியானால் அந்தப் பாலைக் குடிக்கவும் கூடாது.

பால் ஆறுவதுதான் இந்த ஊரில் கைநழுவும் கட்டம். கீழே ஊர்களில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூடு என்று முடிவு செய்வோம். தலைமுறைகளாகத் தவறாத அளவுகோல் அது. உதகைக் குளிரில் விரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. பாத்திரம் கழுவிச் சில்லிட்டுப்போன விரலுக்கு 38 டிகிரிப் பாலும் சூடாகத் தெரியும். இன்னும் ஆறட்டும் என்று நாம் காத்திருக்க, பால் 33க்கு இறங்கியிருக்கும். வெப்பமானி வாங்கச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான். பாத்திரத்தின் நடுவில், அடியில் படாமல் முனையைப் பிடித்து, கிளறிவிட்டுப் படியுங்கள். மேலே ஆடை மூடியிருக்கும் பால் மேற்புறம் ஆறி உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

யோகர்ட்டுக்கு 44 டிகிரி வந்ததும் ஒரு லிட்டருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி உறை. அதை முதலில் ஒரு கிண்ணத்தில் கட்டியில்லாமல் அடித்து, இரண்டு கரண்டி பால் விட்டு நீர்க்கச் செய்து, பிறகு முழுப் பாலில் ஊற்றி நாலு சுற்றுக் கிளறினால் போதும். உறையைக் கூட்டினால் சீக்கிரம் உறையும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது என்னவென்றால் புளிப்பு முந்திக்கொண்டு ஏறி, வலை சீராகக் கட்டும் முன்பே பால் இறுகி, மணல்மணலாகி நீர் விடும். குளிருக்கு மருந்து சூடுதான், கூடுதல் உறை அன்று.

குப்பிகளில் ஊற்றும்போது நுரை இருந்தால் கரண்டியால் எடுத்துவிடுங்கள். அந்த நுரை தயிரின் மேல் துளைதுளையாக உறைந்து நிற்கும். பிறகு தொடக் கூடாது. மிக்ஸி ஓடும் மேடையிலோ பிரிட்ஜின் தலையிலோ கருவியை வைக்க வேண்டாம். பால் மெல்ல மெல்லப் புளித்து, அதன் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்) 6.6லிருந்து 4.6க்கு இறங்கும்போதுதான் கேசீன் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிறது. அந்த நேரத்தில் ஆட்டினால் வலை அறுந்து, அறுந்த இடத்தில் நீர் நிற்கும்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்குக் கையேட்டின் எட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். புதிய உறையும் 42, 43 டிகிரியும் அமைந்தால் ஐந்து மணி நேரத்திலேயே உறைந்திருக்கும். நான் ஐந்தாவது மணியில் நடுக் குப்பி ஒன்றை மட்டும் மெல்லச் சாய்த்துப் பார்ப்பேன். பால் குப்பியின் சுவரோடு ஓடி வந்தால் மூடிவிட்டு இன்னும் முக்கால் மணி நேரம். ஒரே கட்டியாக, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு, சாய்த்த பக்கம் சுவரைவிட்டு மயிரிழை விலகினால் முடிந்தது. விலகிய கீற்றில் வெளிர்மஞ்சளாகத் தெளிநீர் எட்டிப்பார்த்தால் கொஞ்சம் தாமதம் என்று பொருள். உறைந்ததும் நேராகப் பிரிட்ஜுக்கு. மூன்று நான்கு மணி நேரம் குளிர்ந்த பிறகுதான் அதன் உண்மையான கட்டித்தன்மை வரும். சூடாக இருக்கும்போதே கரண்டி போட்டுவிட்டு, தயிர் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் எடுக்க விரும்புகிறவர்கள் ஒரு சாதாரண டைமர் பிளக் வாங்கி நடுவில் வைத்துவிடலாம். ஆறு மணி நேரத்தில் அணைந்துவிடும். மலைக்குளிர் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே மரம் சாய்ந்து கம்பி அறுந்து மின்சாரம் போவது வழக்கமான சங்கதி. கருவியை நம்பியிருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி என்று தோன்றும். எப்போது போனது என்பதுதான் முக்கியம். முதல் இரண்டு மணி நேரத்தில் போனால் குப்பிகளை அப்படியே எடுத்து, 45 டிகிரி வெந்நீர் நிரப்பிய ஒரு குண்டானில் கழுத்தளவு இறக்கி மூடி, கம்பளி போர்த்திவிடுவேன். நாலு மணி நேரத்துக்குப் பிறகு போனால் ஒன்றும் செய்ய வேண்டாம், மூடியைத் திறக்காமல் இருந்தால் போதும். அதற்குள் புளிப்பு ஏறிவிட்டதால் மெதுவாகவேனும் உறைந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் பாலாகவே நின்று, புளிப்பு வாசனையும் இல்லாமல் இருந்தால் ஊற்றிவிடுங்கள். புளிக்காத பால் அத்தனை நேரம் கதகதப்பில் கிடந்தால் அதில் வளர்வது நமக்கு வேண்டாத கிருமிகளாக இருக்கலாம். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ திட்டுத்திட்டாகத் தெரிந்தாலும், பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. முழுக் குப்பியும் போக வேண்டும்.

நூல் விடும் தயிரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கரண்டியைத் தூக்கினால் எண்ணெய்போல் இழுத்துக்கொண்டு வரும் அந்தக் கொழகொழப்பு, சூடு குறைவாக இருக்கும்போது சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பிசினால் வருவது. புளிப்பு வாசனை சரியாக இருந்தால் மோராக அடித்துக் குடிக்கலாம். அதிலிருந்து மட்டும் உறை எடுக்காதீர்கள்.

மிஞ்சிய யோகர்ட்டைச் சுத்தமான வேட்டித்துணியில் கட்டிப் பிரிட்ஜுக்குள் ஒரு வடிதட்டில் ஒரு இரவு வைத்தால் கிரீக் யோகர்ட் என்று கடையில் நல்ல விலைக்கு விற்பது கிடைத்துவிடும். கீழே வடியும் தெளிநீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்ல நீர் இல்லை. ரசத்தில் புளியைக் குறைத்து அதை விட்டாலும் நன்றாக இருக்கிறது.

உறையைக் காப்பதைத்தான் இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கிறேன். ஏழு குப்பிகளில் ஒன்று எப்போதும் உறைக்கு. யாரும் அதில் கரண்டி விடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பேன். ஒரு வாரத்துக்குள் அதிலிருந்து அடுத்த தயிர் போட்டுவிட வேண்டும். நாள் கூடக் கூட அதிலுள்ள புளிப்பே நுண்ணுயிர்களைத் தளர்த்திவிடும். பொங்கலுக்குத் திருச்சி போனால் திரும்ப நாட்கள் ஆகும் என்பதால், கிளம்பும் முன் இரண்டு உறைகளையும் ஐஸ் தட்டின் குழிகளில் தனித்தனியாக ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் பெயர் எழுதிய டப்பாக்களில் போட்டு பிரீசரில் வைத்துவிடுகிறேன். சில வாரங்கள் தாங்கும். திரும்பி வந்ததும் இரண்டு கட்டிகளைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு அரை லிட்டர் பாலுக்கு ஊற்றுவேன். பிரீசர் குளிரில் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி அழிந்திருக்கும் என்பதால் அந்த முதல் தயிர் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், கட்டியும் அவ்வளவாக இருக்காது. அதை மோருக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்த உறையில் இரண்டாவது தயிரை ஊற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.